கடல் பார்த்தாச்சா? இனி தோப்பில் இரண்டு நாள்!

கன்னியாகுமரிக்குச் சுற்றுலா வருகிறவர்களின் கால அட்டவணை கிட்டத்தட்ட ஒன்றுதான். விடியற்காலை நான்கு மணிக்கு வேன் வந்து நிற்கும். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓட்டம். சூரியன் மேகத்தை விலக்கி எட்டிப் பார்த்தால் ஆரவாரம், பார்க்காவிட்டால் பெருமூச்சு. பிறகு படகுக்கு நீண்ட வரிசை. விவேகானந்தர் பாறை, 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் இறுதியிலிருந்து இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். மதியம் ஒரு சாப்பாடு, சங்கு, சோழி மாலை, ஒரு பாக்கெட் நேந்திரம் சிப்ஸ். மாலையில் சூரியன் மறைந்ததும் வேன் கிளம்பிவிடும்.

குமரிமுனையைப் பார்த்தாச்சு. குமரி மாவட்டத்தைப் பார்த்தோமா என்றால், இல்லை!

முனையிலிருந்து நாகர்கோவில் சுமார் 20 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை என்று மலையை நோக்கிப் போனாலும் சரி, மேற்கே தக்கலை, திருவட்டாறு, குலசேகரம் என்று போனாலும் சரி, அரை மணி நேரத்தில் உலகமே மாறிவிடும். சாலையின் இருபுறமும் வாழை. அதைத் தாண்டினால் தென்னை. அதற்கும் அப்பால் ரப்பர். நடுவில் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் சலசலத்து ஓடும் வாய்க்கால். இந்தத் தோப்புகளுக்கு நடுவே கடந்த சில வருடங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தங்கும் வீடுகள் முளைத்திருக்கின்றன. சில இடங்களில் பழைய ஓட்டு வீட்டைச் செப்பனிட்டு இரண்டு அறையை விருந்தினருக்கு ஒதுக்கியிருப்பார்கள். சில இடங்களில் தோட்டத்துக்குள் நான்கைந்து குடில்கள் இருக்கும். நீச்சல் குளத்தோடு ‘ரிசார்ட்’ என்று போர்டு மாட்டிய இடங்களும் உண்டு.

விளம்பரங்கள் எல்லாவற்றிலும் தவறாமல் இருக்கும் ஒரு சொல், ‘அமைதி’.

முதல் ராத்திரி தூக்கம் வராது!

அந்த அமைதி எப்படி இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வருகிற குடும்பம் இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துப் படுக்கும். ஐந்து நிமிடம் நிசப்தம். பிறகு தோப்பு பேச ஆரம்பிக்கும். சில்வண்டு விடாமல் கிர்ரென்று இழுக்கும். மழை பெய்த ராத்திரியாக இருந்தால் வயல் பக்கத்திலிருந்து தவளைகளின் கச்சேரி. ஓட்டின்மேல் ஏதோ தடதடவென்று ஓடும், மரநாயாக இருக்கும். நள்ளிரவில் ‘தொம்’ என்று ஒரு சத்தம். தேங்காய்தான். ஆனால் பழக்கமில்லாதவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். ஒருவழியாகக் கண்ணயரும் நேரத்தில் கோயில் ஒலிபெருக்கி எழுப்பும், அல்லது மாதா கோயில் மணி, அல்லது பள்ளிவாசல் பாங்கு. மூன்றும் அடுத்தடுத்துக் கேட்கும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் நிறைய.

‘அமைதியாக இருக்கும் என்றீர்களே’ என்று காலையில் முகம் சுளிக்கிற விருந்தினர் உண்டு. தோட்டத்துக்காரர்கள் அதற்கெல்லாம் அசர மாட்டார்கள். “நாளைக்கு சரியாவும் சார்” என்று சுக்குக் காப்பியை நீட்டுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். இரண்டாம் இரவில் அதே தவளைச் சத்தம் தாலாட்டாகிவிடும். ஒரே ஒரு இரவு தங்கிவிட்டு ஓடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது ராத்திரி கிடைப்பதில்லை. தோப்பில் தங்குவதென்றால் குறைந்தது இரண்டு இரவு என்று திட்டமிடுங்கள்.

இன்னொன்று. இந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றும் அந்த நிலம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். தவளை கத்தினால் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது, வயல் இருக்கிறது என்று அர்த்தம்.

சிரட்டையில் சொட்டும் பால்

ரப்பர் தோட்டம் உள்ள இடத்தில் தங்கினால் விடியும் முன்பே எழுந்துவிடுங்கள். இருட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன வெளிச்சம் நகர்ந்துகொண்டிருக்கும். நெற்றியில் விளக்கைக் கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி அவர். மரத்தின் பட்டையில் சாய்வாக, நகத்தளவு ஆழம்கூட இல்லாமல் ஒரு கீறல். வெள்ளை வெளேரென்று பால் வழிந்து, மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் இந்த இருட்டு வேலை. கொஞ்சம் ஆழமாக வெட்டிவிட்டால் மரம் காயப்படும். அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஒரு மரத்துக்குச் சில விநாடிகள்தான். ஆனால் ஒருவர் ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்தாக வேண்டும்.

சேகரித்த பாலில் ஆசிட் கலந்து தட்டில் ஊற்றி உறைய வைத்து, கையால் சுற்றும் இரும்பு உருளையில் விட்டு ஷீட்டாக எடுப்பார்கள். அந்த உருளையைச் சுற்றக் குழந்தைகளிடையே போட்டி நடக்கும். அந்த வாடை மட்டும் எல்லோருக்கும் பிடிக்காது. சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த மிச்சத்துக்கு ‘ஒட்டுப்பால்’ என்று பெயர். அதற்கும் விலை உண்டு. ஸ்கூட்டர் டயரையும் பென்சில் ரப்பரையும் மட்டுமே பார்த்த பிள்ளைகளுக்கு இது பெரிய ஆச்சரியம்.

டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் வந்தால் ரப்பர் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்பதையும், பிறகு ஒரேயடியாகத் தளிர் விடுவதையும் பார்க்கலாம். நல்ல மழைக் காலத்தில் பால்வெட்டு அடிக்கடி நின்றுவிடும். அன்றைக்குத் தொழிலாளிக்குக் கூலியும் இல்லை. விருந்தினர் ‘ஆஹா மழை’ என்று ரசிக்கும் அதே காலையில் பக்கத்து வீட்டில் அடுப்பு யோசித்து எரியும்.

தாத்தா பாட்டியை விட்டுவிட்டு வராதீர்கள்

தோப்பு வீட்டில் தங்க வருகிற குடும்பங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். நகரத்து வீட்டில் பேரனிடம் போன் பழகிக்கொள்ளும் தாத்தா, இங்கே வந்த அரை மணி நேரத்தில் ஆசிரியராகிவிடுவார். ‘இது கொடம்புளி’, ‘இது அயினிச் சக்கை’, ‘இந்தக் கிழங்கைப் பிடுங்கும்போது இப்படி அசைக்கணும்’ என்று பாடம் ஆரம்பமாகும். நாற்பது வருடம் முன் சொந்த ஊரை விட்டு வந்த பாட்டிகள் கிணற்றடிக்குப் போனால் திரும்பி வருவதற்கு நேரமாகும். சமையல் செய்யும் அம்மாவோடு உட்கார்ந்து தேங்காய் துருவ ஆரம்பித்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு நன்மை. மலையடிவாரத்தில் பல இடங்களில் செல்போன் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். முதல் ஒரு மணி நேரம் அழுகை. அப்புறம் வாய்க்காலில் குதித்துவிட்டால் மாலை வரை ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு எச்சரிக்கை: வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் இழுப்பு பலமாக இருக்கும். தோட்டத்து ஆள் காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

எல்லாவற்றிலும் தேங்காய்!

குமரி மாவட்டத்துச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் முதல் வேளையில் சற்றுத் தயங்குவார்கள். காரணம் தேங்காய் எண்ணெய். தாளிப்பதும் அதில்தான், பப்படம் பொரிப்பதும் அதில்தான். இரண்டாவது வேளையில் நாக்கு பழகிவிடும்.

காலையில் புட்டு, சிறுபயறு, பப்படம், கூட மட்டிப்பழம். நான்கையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். தனித்தனியாகச் சாப்பிடுகிற விருந்தினரைப் பார்த்தால் பரிமாறும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். மதியம் அவியல், துவரன், எரிசேரி, இஞ்சிக்கறி, உள்ளித்தீயல், புளிசேரி. விசேஷ நாளாக இருந்தால் கடைசியில் பால் பாயசம். அதில் போளியைப் பிய்த்துப் போட்டு ஊற வைத்துச் சாப்பிடுவது நாகர்கோவில் வழக்கம். அசைவர்களுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். கடல் அரை மணி தூரத்தில் இருப்பதால் காலையில் பிடித்த மீன் மதியம் இலைக்கு வந்துவிடும்.

மரச்சீனிக்கு ஒரு கதை இருக்கிறது. இந்த மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தபோது, 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர் அது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வரத்து நின்று பஞ்சம் தலைதூக்கிய நாட்களில் ஏழைகளின் வயிற்றைக் காப்பாற்றியது இதுதான். இன்றைக்குத் தோப்பு விடுதிகளில் காந்தாரி மிளகாய்த் துவையலோடு விருந்தினருக்குப் பெருமையாகப் பரிமாறுகிறார்கள். அதைச் சாப்பிட்டு வளர்ந்த முதியவர்களுக்கு அந்தத் தட்டைப் பார்த்தால் வேறு ஞாபகங்கள் வரும்.

மட்டிப்பழம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விரல் நீளம்தான் இருக்கும். வாசனை அறையை நிறைக்கும். இங்குள்ள வீடுகளில் கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழம் இதுதான். 2023-ல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர்க் கடைகளில் அதிகம் பார்க்க முடியாது என்பதால் புதிதாக வருகிறவர்கள் அளவைப் பார்த்து ஏமாந்துவிடுவார்கள். “சின்னதா இருக்கேன்னு பாக்காத மக்களே, இது மட்டியாக்கும். ஒண்ணு தின்னா ஒரு சீப்பு தின்னாத்தான் நிறுத்துவ” என்பது தோட்டத்துப் பாட்டிகளின் பதில்.

மட்டி மட்டுமல்ல. இந்தச் சின்ன மாவட்டத்தில் ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்கும், மலைமேல் மாறாமலைப் பக்கம் விளையும் கிராம்புக்கும்கூடப் புவிசார் குறியீடு உண்டு. ஒரே நாளில் காலையில் கிராம்பு மரத்தையும் மாலையில் கடலையும் பார்ப்பது தமிழ்நாட்டில் வேறெங்கும் அவ்வளவு சுலபமில்லை.

பூவும் பறவையும்

தங்குமிடத்திலேயே படுத்துக் கிடப்பதும் ஒரு சுகம்தான். ஆனாலும் ஒரு விடியற்காலையைத் தோவாளைக்கு ஒதுக்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிறது இந்தப் பூ மார்க்கெட். பிச்சி, மல்லி, அரளி, ரோஜா, குளங்களில் பறித்த தாமரை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கணிசமான பகுதி கேரளாவுக்குப் போகும்; ஓணம் நெருங்கினால் கால் வைக்க இடம் இருக்காது. இங்கே கட்டும் மாணிக்கமாலையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். அரளிப் பூவின் இதழை மடித்து மடித்து, நொச்சி இலையோடு சேர்த்து, ரத்தினக் கல் பதித்ததுபோல் பட்டையாகக் கட்டுவார்கள். 2025-ல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது.

மாலையில் தேரூர் குளம். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர். சுசீந்திரம், தேரூர் குளங்கள் சேர்ந்த நீர்நிலைப் பகுதி 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல் அது. நவம்பருக்குப் பிறகு போனால் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து என்று கண்ணுக்கு விருந்து. கரையில் நின்று பார்த்தால் எதிரே மலை, அதன் நிழல் தண்ணீரில். இதற்கு டிக்கெட் கிடையாது, வரிசையும் கிடையாது.

பத்மநாபபுரம் அரண்மனை எல்லோரும் போகும் இடம் என்பதால் விரிவாகச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரள அரசின் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. அதை மறந்துபோய் வாசலில் நின்று திரும்புகிறவர்கள் ஏராளம்!

இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

தோப்பில் காலாற நடக்கிறவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். வாய்க்கால், குளம், கிணறு, வயல் வரப்பு ஓரத்தில் சின்னச் சின்ன ஓடை. இது இயற்கை தந்த வரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பாதிதான் சரி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது உண்மை. ஆனால் பெய்த மழையை நிறுத்தி வைத்தது மனிதர்களின் வேலை.

நாஞ்சில் என்றால் கலப்பை. தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சேர்ந்த பகுதிதான் பழைய நாஞ்சில் நாடு. திருவிதாங்கூருக்கே நெற்களஞ்சியம். கன்னிப்பூ, கும்பப்பூ என்று வருடத்துக்கு இரண்டு போகம். மலையிலிருந்து இறங்கி நாகர்கோவில், சுசீந்திரம் வழியாக மணக்குடியில் கடலைச் சேரும் பழையாறும், அதோடு இணைந்த நூற்றுக்கணக்கான குளங்களும்தான் இந்த நெல்லுக்கு ஆதாரம். அது போதாதபோது கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை எழுந்தது. மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த வேலை. கட்டியவர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஊர்க்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மூக்கன் துரை’. அவருடைய சமாதி அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்த அதிசயம் மாத்தூர். இரண்டு மலைகளுக்கு நடுவே பறளியாறு ஓடுகிறது. இந்தப் பக்கத்து வாய்க்கால் தண்ணீர் அந்தப் பக்கத்து நிலத்துக்குப் போக வேண்டும். என்ன செய்வது? 28 பிரமாண்டமான தூண்களை நிறுத்தி, சுமார் 115 அடி உயரத்தில் ஆற்றைத் தாண்டி ஒரு தொட்டியையே பாலமாகக் கட்டிவிட்டார்கள். 1966-ல் முடிந்தது. மேலே நடந்தால் ஒரு பக்கம் காற்று ஆளைத் தள்ளும். பக்கத்திலேயே தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். செல்ஃபி எடுக்கிறவர்கள் கைப்பிடியை விட்டுவிடாமல் எடுங்கள்.

வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணைகள் திறக்கும். பிப்ரவரி இறுதியில் மூடும். இந்த மாவட்டத்துக்காரர்கள் காலையில் பேப்பரை எடுத்தால் தங்க விலைக்கு முன்னால் பேச்சிப்பாறை நீர்மட்டத்தைப் பார்ப்பார்கள். 48 அடிக்கு எவ்வளவு குறைவு என்பதுதான் கணக்கு. விருந்தினருக்கும் இது உபயோகமான தகவல். ஜூலையிலோ டிசம்பரிலோ வந்தால் வாய்க்கால் நிரம்பி ஓடும். ஏப்ரலில் வந்துவிட்டு ‘படத்தில் பார்த்த மாதிரி தண்ணீர் இல்லையே’ என்று கேட்டுப் பயனில்லை. ஏப்ரல், மே மாதங்களில் மாவும் பலாவும் உண்டு; அது வேறு விதமான விருந்து.

பத்து சென்ட் கிடைக்குமா?

இரண்டு நாள் தங்கியவர்களில் பலருக்கு, கிளம்பும் நேரத்தில் ஓர் ஆசை வந்துவிடும். படிப்புரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே எதிரே உள்ள வயலைக் காட்டி, ‘இங்கே ஒரு பத்து சென்ட் கிடைக்குமா? ரிட்டயர் ஆனதும் சின்னதா ஒரு வீடு...’ என்று கேட்பார்கள். தோப்பு வீடு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி.

“கிடைக்கும் சார். தரகர் நாளைக்கே வருவாரு” என்பார்கள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, “ஆனா நீங்க வாங்குனா, அடுத்தாப்ல இன்னொருத்தரு வாங்குவாரு. பொறவு இந்தப் படிப்புரைல இருந்து என்னத்தப் பாக்கது?” என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களும் உண்டு.

சிரிப்பாகச் சொன்னாலும் விஷயம் சிரிப்பல்ல. நாஞ்சில் நாட்டு வயல் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நெல்லுக்குக் கூலி கட்டவில்லை என்று முதலில் வாழை வந்தது. தென்னை வந்தது. பிறகு செம்மண் லாரி வந்து நிரப்பியது. கல் நட்டு, கொடி கட்டி, மனை ஆயிற்று. நான்குவழிச் சாலையும் குளங்களையும் வயல்களையும் தாண்டித்தான் போயாக வேண்டியிருக்கிறது. ஒரு வயலை நிரப்பினால் அதற்கு அடுத்த வயலுக்குத் தண்ணீர் போகும் வழி அடைபடும். அதற்கு அடுத்தவர் எத்தனை நாள் நெல் போடுவார்? வயலில் தண்ணீர் நிற்காவிட்டால் தோப்புக் கிணற்றில் ஊற்று குறையும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் விருந்தினரின் குளியலறை ஓடுகிறது.

தங்கும் விடுதிகளே இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. வயலை மண் போட்டு மேடாக்கி, புல்வெளி விரித்து, வெளிநாட்டுப் பனை நட்டு, ‘வயலோரத் தங்கல்’ என்று விளம்பரம் செய்தால் அதை என்னவென்று சொல்வது?

இத்தாலியில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பண்ணை வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பது பழைய வழக்கம். 1985-ல் அதற்கென்று தேசியச் சட்டமே கொண்டுவந்தார்கள். அதன் சாரம் எளிமையானது: விவசாயம்தான் பிரதானம், விருந்தோம்பல் அதற்குத் துணைதான். விவசாயம் செய்யாதவர் அந்தப் பெயரில் விடுதி நடத்த முடியாது. இந்தியாவில் மகாராஷ்டிரா 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘ஹோம் ஸ்டே’ திட்டத்தில் ஆறு அறைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே வசிக்க வேண்டும் என்று நிபந்தனை. குமரி மாவட்டத்துக்குப் பொருத்தமானதும் இந்த மாதிரிச் சின்ன ஏற்பாடுதான். தென்னையும் வாழையும் தரும் வருமானத்தோடு இரண்டு அறை வாடகையும் சேர்ந்தால், அடுத்த தலைமுறை நிலத்தை விற்காமல் வைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும்.

அதனால் அறை பதிவு செய்யும்முன் போனில் நாலு கேள்வி கேளுங்கள். தோட்டத்தில் என்ன விளைகிறது? இப்போது என்ன வேலை நடக்கிறது? சமைப்பது யார், அரிசியும் காயும் எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரர்கள் அங்கேயே இருக்கிறார்களா? ‘நீச்சல் குளம் இருக்கு, கேம்ப் ஃபயர் இருக்கு, டிஜே இருக்கு’ என்று மட்டும் பதில் வந்தால் நீங்கள் தேடும் இடம் அதுவல்ல. ‘இப்ப வந்தா நடவு பாக்கலாம், ஆனா ரோட்டுல சகதியா இருக்கும், கார் கொஞ்சம் தள்ளித்தான் நிக்கும்’ என்று ஒருவர் இழுத்தால், தயங்காமல் பணத்தை அனுப்புங்கள்.

போகும்முன் சில விஷயம்

நாகர்கோவில் சந்திப்புக்குச் சென்னை, கோவை, பெங்களூரிலிருந்து ரயில் உண்டு. விமானத்தில் வருகிறவர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அங்கிருந்து சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஒரு நல்ல டார்ச், கொசுவத்தி, குடை மூன்றும் கட்டாயம். இரவில் தோட்டத்துக்குள் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். பாம்புகளுக்கும் அது வீடுதான். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் மழைக்காலத்தில் போனால் அட்டை காலில் ஏறும். பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்பு போட்டால் விழுந்துவிடும். வனத்துறைப் பகுதிகளுக்குள் போக அனுமதி உண்டா என்று தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விடியற்காலை இரண்டு மணிக்குப் பால்வெட்டுக்கு எழ வேண்டியவர் பக்கத்து வீட்டில் எட்டரைக்கே படுத்திருப்பார்.

கிளம்பும் நாளில் காரின் பின்புறம் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் ஒரு சக்கப்பழம் ஏறும். கூடவே ஒரு குலை மட்டி. காயாக வாங்கினால் வீடு போய்ச் சேரும்போது பழுக்க ஆரம்பிக்கும். அதை ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், கறுத்துப்போகும். சமையலறையில் ஒரு கயிற்றில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு வீடு முழுக்க நாஞ்சில் நாட்டு வாசனை இருக்கும்.